தேயிலைச் சக்கையில் சாய்ந்த ராஜா

மாடி வீட்டுக்காரருக்குப் போன வாரம் ஒரு பார்சல் வந்தது. எங்கள் பெர்ன்ஹில் மலைக்குளிருக்குக் குரங்குக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே இறங்கி வந்துவிட்டார். நான் ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆண்களுக்கு வரும் நோய்களில் அவருக்கு வந்திருப்பது பழைய நாணயம் சேர்ப்பது. பார்சலைப் பிரித்தார். கறுப்பு பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு, அதன் பின்னால் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் தட்டு சாயும். அவ்வளவுதான். காசைச் சாய்த்து வைத்துப் படம் எடுப்பதற்கான தாங்கியாம். வெளிநாட்டுச் சரக்காம்.

"எவ்ளோ கரெக்டா நிக்குது பாருங்க மேடம். இதெல்லாம் உங்க காலத்துல ஏது" என்றார்.

என் காலம் என்னவோ மனிதன் குகையில் இருந்த காலம் மாதிரி. "ஆமாங்க சார், ஏது" என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அவரோடு வாதாடி எனக்கு என்ன ஆகப்போகிறது. உங்களிடம் சொல்வதற்கென்ன. எங்கள் காலத்தில் திருகு வைத்த தட்டு இல்லைதான். புளியங்கொட்டை இருந்தது. பூண்டுப் பல் இருந்தது. எங்கள் முதலாளி டிபன் டப்பாவில் கொண்டுவந்த இட்லி இருந்தது. ஒரு ராஜாவின் தலையைச் சாய்த்து நிறுத்த ஒரு வீட்டில் என்னென்ன கிடைக்குமோ அத்தனையையும் முயன்று பார்த்தவர்கள் நாங்கள்.

கோத்தகிரி பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி மேட்டுப்பாளையத்துக்காரர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். நெகட்டிவில் முகப்பருவைப் பென்சிலால் மறைப்பது, வருகிறவர்களுக்குச் சீப்பும் பவுடர் டப்பாவும் எடுத்துக் கொடுப்பது, அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டால் கடை கேமராவைப் பிடிப்பது, எல்லாம் என் வேலை. தேயிலைக் கொழுந்துக்கு விலை இருந்தவரை நல்ல வேலைதான்.

கொழுந்து விலை விழுந்த கதையை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். பேப்பரில் அது ஒரு பெட்டிச் செய்தி. இங்கே பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகச் சாலையில் கொண்டுவந்து கொட்டினார்கள். அது மழையில் ஊறி அழுகி ஊரே புளித்த வாடை அடித்தது. இப்போது டூரிஸ்ட் வேனில் வந்து இறங்குகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து மூக்கை விரித்து மூச்சை இழுக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வருஷம் வந்து இழுத்திருக்க வேண்டும். பெரிய மனிதர்களும் வரத்தான் வந்தார்கள். மாலை போட்டுக்கொண்டார்கள், உலகச் சந்தை அப்படி இருக்கிறது என்றார்கள், டீ குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

ஸ்டூடியோவுக்குக் கல்யாண ஆர்டர் நின்றுபோனது. கோயிலில் தாலியைக் கட்டிவிட்டு வாசலிலேயே கலைந்தார்கள். போட்டோ எதுக்குங்க, மனசுல இருந்தா போதுமுங்க என்றார்கள். மனசில் இருக்கிற போட்டோவுக்கு அண்ணன் எப்படி பில் போடுவார். படியேறி வந்ததெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற கூட்டம்தான். பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே மலையிறங்கிவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் காசுப் பைத்தியம் பிடித்தது. கட்டபெட்டுப் பக்கம் யாரோ ஒருவர் உறியில் கிடந்த பழைய காசை விற்று ஜீப் வாங்கிவிட்டார் என்று டீக்கடையில் ஒரு பேச்சு. அந்த ஆளை யாரும் பார்த்ததில்லை. ஜீப்பின் நிறத்தை மட்டும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார், காசை நேரில் கொண்டுபோகக் கூடாது, முதலில் போட்டோ அனுப்ப வேண்டும், போட்டோவில் தேறினால்தான் மலையேறி வருவார் என்றார்கள். பெண் பார்க்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு பிகு பண்ணமாட்டார்கள். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணப் பெண் போனால் என்ன, காசு வந்து உட்காரட்டும் என்று கேமராவுக்கு ஒரு குளோஸ்-அப் லென்ஸ் வாங்கி மாட்டினார்.

காசு என்பது பெண்ணைவிட மோசமாகச் சிணுங்குகிற சாமான் என்று முதல் ரோலிலேயே தெரிந்துபோனது. மட்டமாகக் கீழே வைத்து மேலிருந்து எடுத்தால் வெளிச்சம் நேரே திரும்பி லென்சில் அடிக்கும். லேப்பிலிருந்து பிரிண்ட் வந்தபோது அத்தனையும் வெள்ளை வெளேரென்று வட்டமாக இருந்தன.

"ஏனம்மிணி, காசப் புடிக்கச் சொன்னா நெலாவப் புடிச்சு வெச்சிருக்கறே" என்றார் அண்ணன்.

பிடித்தது அவர்தான். ஆனால் பிரிண்ட் சரியாக வராவிட்டால் பிடித்தது நான் என்பது அந்தக் கடையின் சட்டம். காசின் ஒரு விளிம்பைக் கொஞ்சம் தூக்கினால் வெளிச்சம் விலகி ஓடும், ராஜாவின் மூக்கும் தாடியும் எழும்பித் தெரியும் என்று கண்டுபிடித்தோம். எவ்வளவு தூக்குவது, எதை வைத்துத் தூக்குவது என்பதில் ஆரம்பித்தது எங்கள் ஆராய்ச்சி. தீக்குச்சி வைத்தால் போதவில்லை. தீப்பெட்டி வைத்தால் ராஜா சறுக்கி மேஜைக்கடியில் விழுந்தார். அண்ணன் வீட்டிலிருந்து பூண்டு வந்தது. அது உருண்டது, போதாததற்கு நாள் முழுக்கக் கடை ரசம் மணத்தது. புளியங்கொட்டை பரவாயில்லை, பெரிய காசுக்குப் பொருந்தியது, சின்னக் காசுக்கு எட்டிப் பார்த்தது. சப்பாத்தி மாவு நன்றாகத்தான் நின்றது. ஆனால் ராஜாவின் காதுக்குள் மாவு போய் அடைத்துக்கொண்டு, குண்டூசியால் குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பொறுமை போய் அண்ணன் தன் இட்லியை எடுத்து நறுக்கி முட்டுக் கொடுத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், இட்லிதான் அதுவரை வந்ததிலேயே உத்தமம். படம் எடுத்து முடித்துவிட்டு அதைச் சட்னியில் தொட்டுத் தின்றும்விட்டார். பல ஊர் கை பட்ட காசு உட்கார்ந்த இட்லி. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடைசியில் முட்டு எங்கள் டீ வடிகட்டியிலேயே இருந்தது. சில பாக்டரிகளில் சம்பளத்துக்குப் பதிலாக டீத்தூளைக் கட்டிக் கொடுத்தனுப்பிய காலம் அது. எந்த வீட்டிலும் அரிசி இல்லாமல் இருக்கலாம், தூள் இல்லாமல் இருக்காது. டீ வடித்த சக்கையைப் பிழிந்து ஒரு சாஸரில் அமுக்கி வைத்து, அதில் காசை அழுத்தினால் எப்படிச் சாய்த்தாலும் அப்படியே நின்றது. கறுப்புப் பின்னணி வேறு இலவசமாகக் கிடைத்தது. ராஜாக்கள் ராணிகள் எல்லாம் சக்கையில் புதைந்து தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். குன்னூர் ஏலத்தில் விலை போகாத தேயிலைக்கு லண்டன் ராஜாவைத் தாங்குகிற உத்தியோகமாவது கிடைத்ததே என்று நான் சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் பிலிமை எண்ணிக்கொண்டிருந்தார்.

படங்கள் அருமையாக வந்தன. ஏஜென்டிடமிருந்து பதிலும் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்றார்.

காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எங்கள் ஊரில் போட்டோ பிடிக்கப் போவதென்றால் முகம் கழுவி, பவுடர் போட்டு, வெளுத்த துணி உடுத்திப் போவதுதான் வழக்கம். காசையும் அப்படியே கூட்டிவந்திருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் துலக்கி, பற்பசையால் மினுக்கி, புதுப்பெண் மாதிரி கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா தேங்காய் எண்ணெய்கூடத் தடவியிருந்தாள். பழைய காசுக்கு மதிப்பே அந்தப் பழைய கறுப்பில்தானாம். "கழுவுன காசு செத்த காசுங்க" என்று ஏஜென்ட் போனில் சொன்னார். கோத்தகிரி, கட்டபெட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க, வீட்டில் இருந்த ஒன்றிரண்டு நல்ல காசையும் எங்கள் ஜனங்கள் குளிப்பாட்டியே கொன்றுவிட்டிருந்தார்கள். அண்ணனுக்கு வாசலில் "காசைக் கழுவாமல் கொண்டுவரவும்" என்று எழுதி ஒட்டத் தோன்றியபோது கழுவாத காசே ஊரில் இல்லை.

ஒன்று இருந்தது. அது எங்கள் வீட்டில் இருந்தது.

அதைச் சொல்லக் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கே தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தபோது, எனக்கு நினைவு தெரியாத வயதில், விஷக்காய்ச்சல் வந்து தோட்டத்து டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பழைய வெள்ளிக்காசு ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து, பிள்ளை பிழைத்தால் மாத்தளை மாரியம்மன் தேருக்கு வந்து செலுத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்துவிட்டேன். தேர் வருவதற்குள் இந்தியாவுக்குப் போகச்சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்களே, அதில் எங்கள் மாரியம்மன் அந்தப் பங்கிலும் நாங்கள் இந்தப் பங்கிலும் போய்ச் சேர்ந்தோம். காசு அம்மாவின் இடுப்பில் கப்பலேறி வந்தது. சாமிக்கு முடிந்ததை அவிழ்க்கக் கூடாது, கழுவக் கூடாது, செலவழிக்கவும் கூடாது. செலுத்தவும் வழியில்லை.

ஆக, நான் வளர்ந்தது முழுக்க பாக்கி உயிர். சைக்கிள் ஓட்டக் கேட்டால், "காசு இன்னும் குடுக்கல, பாத்துக்க" என்பாள். கோயம்புத்தூர் லேப்பில் வேலை இருக்கிறது என்றபோதும் அதே பதில். நான் அதைக் கேலி செய்யாத நாளில்லை. மாத்தளை அம்மனுக்கு என் ஒருத்தி கணக்குதான் வேலையா என்பேன்.

ஒரு மழை நாள் மத்தியானம் அப்பா ஸ்டூடியோப் படியேறி வந்தார். அண்ணன் குன்னூருக்குப் போயிருந்தார். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை. அவர் கவாத்து வெட்டப் போய்க்கொண்டிருந்த தோட்டத்துக்காரரே செடியை அப்படியே விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கூரை ஷீட் விரிசல் விட்டு, இரண்டு மழைக்காலமாகக் கட்டிலை இடம் மாற்றிக்கொண்டே இருந்தோம். அப்பா நனைந்த சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக்காசை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தாயி, இத நல்லாப் புடிச்சு அனுப்பு. கூரைக்குச் சீட்டு வாங்கிப்புடலாம்."

கறுத்த காசு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பனை. இடுக்கிலெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா" என்றேன்.

"தெரியிறப்பத் தெரியட்டும். அந்த அம்மன் கடல் தாண்டியா வந்து கேக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

சக்கையைப் பிழிந்து சாஸரில் அமுக்கினேன். காசை வைத்தேன். லென்ஸ் வழியாகப் பார்த்தபோது காசு கண்ணை நிறைத்துக்கொண்டு நின்றது. ராஜாவின் காது மடலுக்குள் மஞ்சள். அம்மாவின் விரல் பட்ட மஞ்சள். இந்த மாதிரி ஒரு காசுக்காகத்தான் ஏஜென்ட் தவம் கிடக்கிறார் என்பது பார்த்த உடனே தெரிந்தது. அத்தனை நாள் கேலி பேசியவள் நான். பயந்துவிட்டேன், உள்ளதைச் சொல்கிறேன். சாமி இல்லை என்று பேசுவதெல்லாம் காசு முடிச்சுக்குள் இருக்கிறவரைக்கும்தான் போலிருக்கிறது.

பட்டனை அமுக்கத் துணிவில்லாமல் நான் நின்றுகொண்டிருந்தபோது, படியில் மறுபடியும் காலடி கேட்டது. அம்மா. வெற்று மஞ்சள் துணியைக் கையில் பிடித்திருந்தாள். அவள் அந்த ஸ்டூடியோவுக்கு அதுவரை வந்ததே இல்லை. மூச்சு வாங்க நின்று, என்னைப் பார்த்தாள், சாஸரைப் பார்த்தாள்.

"சாமி காசச் சக்கையில வச்சிருக்கியே புள்ள."

"எடுத்துக்கிட்டுப் போயிரும்மா. அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்."

அம்மா எடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். "இன்னைக்கி எடுத்துக்கிட்டுப் போனா நாளைக்கி மறுபடியும் கொண்டாருவாரு. அவருக்கும் வேற வழியில்ல, அவரோட மல்லுக்கு நிக்க என்னால ஏலாது. வாங்குறவன் வாயாலயே வேணாங்கணும்." அப்புறம் விளக்கைப் பார்த்தாள். "ராசா மொகம் தெரியாம புடிக்க ஏலுமா?"

ஏலுமாவா. அந்தக் கடையில் நாங்கள் மாதக் கணக்கில் படித்ததெல்லாம் ராஜா முகம் எதனால் தெரியாமல் போகிறது என்பதைத்தானே. சக்கையை மறுபக்கம் குவித்தேன். காசை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தேன். கறுத்த காசானாலும் வெள்ளி வெள்ளிதான், பளீரென்று அடித்தது. ராஜாவின் மூக்கு போனது, காது போனது, தாடி போனது. அம்மாவைக் கூப்பிட்டு லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இது நம்ம காசு மாதிரியே இல்லியே" என்றாள்.

"அதுக்குத்தானம்மா."

"அப்ப அமுக்கு."

அமுக்கினேன். என் தொழிலில் நான் எடுத்த ஆக மோசமான படமும் அதுதான், எனக்கு ஆகப் பிடித்த படமும் அதுதான். ஏஜென்ட் பார்த்துவிட்டு, மொட்டைக் காசு, ஒரு பைசாவுக்குத் தேறாது என்று சொல்லியனுப்பினார். போட்டோவில் தேறாததைத் தொட்டுக்கூடப் பார்க்காத கௌரவக்காரர் அல்லவா. வாழ்க அவர் கௌரவம். அப்பாவிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார். காசு தானாக முடிச்சுக்குத் திரும்பிவிடும் என்று அம்மாவும் நானும் காத்திருந்தோம். எங்கள் புத்திசாலித்தனத்தில் எங்களுக்கே அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் எங்கள் லைன் வீட்டுக் கோயிலில் மாரியம்மன் பண்டிகை. நான் கடையில் இருந்தேன், அம்மா பொங்கல் பானையோடு பின்னால் இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்.

"பூசாரி தட்டக் கொண்டாந்து மொகத்துக்கு முன்னால நீட்டிட்டாரு. பைய தடவுனா ஒத்த ரூவா இல்ல. அந்தச் செல்லாக் காசுதான் கெடந்துச்சு. அதயே போட்டுட்டேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கற்பூரத்தத் தொட்டுக் கும்புட்டீங்களா?"

"கும்புட்டேன். நல்ல சல்லி போட முடியலையேன்னு மன்னிப்புங் கேட்டுக்கிட்டேன்."

அம்மா கரண்டியை மறுபடி எடுத்தாள். "மாத்தளையில இருக்கவளும் இவதானே" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நான் எழுந்து போய்க் கை கழுவுகிற சாக்கில் அழுதேன். என் உயிருக்கு முடிந்த காசு அது. விலை போகும் என்று தெரிந்திருந்தால் அப்பா தட்டில் போட்டிருக்கவேமாட்டார். அதைச் செல்லாக் காசாக்கியது நான் குவித்த ஒரு பிடி சக்கை. சிரிக்கிறதா அழுகிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பூசாரி அதை நிச்சயம் புளி போட்டுத் தேய்த்திருப்பார்.

கூரை அந்த மழைக்கும் ஒழுகியது. குண்டானையும் வாளியையும் கீழே வைத்துவிட்டு அவை நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. நாணயப் பைத்தியமும் வந்த வேகத்தில் போனது. ஏஜென்ட் எங்கே போனார் என்று தெரியாது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அண்ணன் மேட்டுப்பாளையத்துக்கே இறங்கிப் போய்விட்டார். கொழுந்து விலை ஏறியது, மறுபடி விழுந்தது, பேப்பரில் மறுபடி பெட்டிச் செய்தி வந்தது.

அதற்கடுத்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா புது மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்தாள். நான் கண் வெளுப்பதற்குள், அந்த வெள்ளிக்கிழமையே, கொட்டுகிற மழையில் நடந்துபோய்க் கோயிலில் செலுத்திவிட்டு வந்தாள். பிழைத்த பிறகுதானே அம்மா கொடுக்க வேண்டும், முன்கூட்டியே கொடுத்துவிட்டாயே, சாமி வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"சாமி ஏமாத்தாது. இவனுகள நம்ப ஏலாது. நாளைக்கி எந்த நாட்டுக்குப் போகச்சொல்லி ஏத்திவிடுவானுகளோ. பாக்கி வக்கக் கூடாது" என்றாள்.

அம்மா போய் வருஷங்கள் ஆகின்றன. போன மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டு நான்கு நாள் படுத்திருந்தேன். மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டி, ஆன்லைனில் மருந்து வரவழைக்கட்டுமா மேடம் என்று அன்பாகத்தான் கேட்டார். மருந்து வந்தது, காய்ச்சலும் போய்விட்டது. எனக்காக யாரும் எந்தச் சாமிக்கும் எதுவும் தர வேண்டியதில்லை.